ஏடூஐ-யிலிருந்து ஸ்டிர்டோலுக்கு: சி-யில் பத்து வருடத்துக்கு மேலான அனுபவம்

சி மொழியில் ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துகளின் வரிசையை, எண்ணாக மாற்ற எந்த ஃபங்ஷன் என்று கேட்டால் முதலில் வாயில் வருவது ஏடூஐ (atoi) தான். ஆஸ்கி டு இன்டிஜர் என்பதன் சுருக்கம். கல்லூரி லேபில் தொடங்கி, வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் வரை நானும் வேறெதையும் தொட்டதில்லை. உள்ளே ஸ்ட்ரிங், வெளியே எண், ஒரே வரியில் வேலை முடிந்தது.

முதல் அடி ஒரு பில்லிங் புரோகிராமில் விழுந்தது. தொகையை டெக்ஸ்ட் ஃபைலிலிருந்து படிக்க வேண்டும், அதுவரை 125000 என்று வந்துகொண்டிருந்தது, ஒருநாள் யாரோ அதைத் திறந்து திருத்திச் சேமித்ததில் 1,25,000 என்று கமாவோடு வந்துவிட்டது. ஏடூஐ முதல் கமாவிலேயே நின்று 1 என்று கொடுத்தது. எரர் இல்லை, கிராஷ் இல்லை. ஒன்றேகால் லட்சம் ஒரு ரூபாயாகி ரிப்போர்ட்டில் போய் உட்கார்ந்துவிட்டது, டோட்டல் இடிக்கிறது என்று கணக்குப் பிரிவிலிருந்து போன் வந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும்.

எண் எவ்வளவு என்பது அப்புறம், வந்தது எண்தானா என்பது முதலில் தெரிய வேண்டும். ஏடூஐ-யிடம் அதைக் கேட்க வழியே இல்லை. வெறும் எழுத்துகளைக் கொடுத்தாலும் 0, நிஜமான 0 கொடுத்தாலும் 0. இன்ட் என்ற எண் வகை தாங்காத எண் என்றால் என்ன நடக்கும் என்பதற்கு சி ஸ்டாண்டர்டு எந்த உறுதியும் தரவில்லை. 64 பிட் லினக்ஸில் 3000000000 கொடுத்துப் பார்த்தேன், -1294967296 வந்தது.

அடுத்து, ஸ்ட்ரிங்கிலிருந்து எண்ணைப் படிக்கும் எஸ்ஸ்கேன்எஃப் (sscanf) கொஞ்ச நாள் ஓடியது. எண்ணுக்குப் பின்னால் எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தாலும் வெற்றி என்றே சொல்கிறது, அளவு மீறினால் அதே கதி. விட்டுவிட்டேன்.

கடைசியில் ஸ்டிர்டோல் (strtol), அதாவது ஸ்ட்ரிங் டு லாங். இதில் எனக்குப் பிடித்தது எண்ட் பாயின்டர்: எந்த எழுத்தில் நின்றேன் என்று காட்டிவிடும். தொடங்கிய இடத்திலேயே நின்றால் ஒரு இலக்கம்கூடக் கிடைக்கவில்லை. ஸ்ட்ரிங்கின் முடிவுக்கு முன்பே நின்றால் பின்னால் ஏதோ ஒட்டியிருக்கிறது, அந்தக் கமா அன்றே மாட்டியிருக்கும். ஃபைலை வரி வரியாகப் படிக்கும் எஃப்கெட்ஸ் (fgets) வைத்துப் படிப்பவர்கள் கவனிக்க, வரியின் கடைசியில் நியூலைன் இருக்கும், அதைக் குப்பை என்று தள்ளிவிடாதீர்கள். அளவு மீறினால், எரர் எண்ணை வைக்கும் எர்னோவில் (errno) ஈரேஞ்ச் (ERANGE) வரும். ஆனால் கூப்பிடுவதற்கு முன் எர்னோவை நாமே 0 ஆக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறெங்கோ வந்த பழைய எரர் இதன் தலையில் விழும்.

பேஸ், அதாவது எண் எந்த அடிமானத்தில் இருக்கிறது என்று ஸ்டிர்டோலுக்குச் சொல்லும் விஷயத்தில் நான் ஒரு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். லாக் ஃபைலில் நாளைப் படிக்கும் இடத்தில், ஹெக்ஸ் (16 அடிமானம்) வந்தாலும் அதுவே புரிந்துகொள்ளட்டும் என்று பேஸ் 0 கொடுத்திருந்தேன், நாளுக்குப் பின்னால் எப்படியும் ஹைஃபன் வரும் என்பதால் எண்ட் பாயின்டரையும் பார்க்கவில்லை. 07 வரை சரி. 08, 09 இரண்டு நாளும் 0. 10-ஆம் தேதி தானாகவே சரியாகிவிட்டது! பேஸ் 0 என்றால் முன்னால் வரும் பூஜ்யத்தை ஆக்டல் (8 அடிமானம்) என்று எடுத்துக்கொள்ளும், ஆக்டலில் 8 கிடையாது, அதனால் பூஜ்யத்தோடு நின்றுவிடும். அன்றிலிருந்து 10 என்று எழுதாமல் நான் கூப்பிடுவதில்லை.

இன்னொன்று, ஸ்டிர்டோல் திருப்பும் லாங் என்ற எண் வகை 64 பிட் விண்டோஸில் 32 பிட், லினக்ஸில் 64 பிட். விண்டோஸில் ஈரேஞ்ச் வாங்கிய அதே 3000000000, லினக்ஸில் எந்த எரரும் இல்லாமல் தாண்டிவிடும், அதை இன்ட்டில் போடும்போதுதான் கெடும். அதனால் எனக்கென்று சின்ன ஃபங்ஷன் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் கேட்டு வாங்கும், சரியா தவறா என்பதைத் திருப்பும், எண்ணைப் பாயின்டர் வழியாகத் தரும். ஓபன்பிஎஸ்டி என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஸ்டிர்டோநம் (strtonum) என்று கிட்டத்தட்ட இதே யோசனையில் ஒரு ஃபங்ஷன் உண்டு, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

அன்சைன்டு (மைனஸ் இல்லாத எண் வகை) வேண்டும் என்று ஸ்டிர்டோஉல் (strtoul) பக்கம் போகிறவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். -1 கொடுத்தால் அது மறுக்காது, ஈரேஞ்சும் வராது, 64 பிட் லினக்ஸில் 18446744073709551615 என்று திருப்பும். முன்னால் இருக்கும் ஸ்பேஸைத் தாண்டி மைனஸ் இருக்கிறதா என்று நாமேதான் பார்க்க வேண்டும்.