வடிவமைப்பு முறைகளை நிறுவனத்துக்குள் கொண்டுவருதல்: பயிலரங்கா, முழு நடைமுறையா, ஒரே ஒரு முறையா?

தயாரிப்பு உருவாக்கப் பணிக்குள் வடிவமைப்பு முறைகளைக் கொண்டுவர விரும்பும் நிறுவனத்தின் முன் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன. வெளி ஆலோசகரை அழைத்து அனைவருக்கும் பயிலரங்கு நடத்தலாம். ஒரு முழு நடைமுறையைத் தழுவி நிறுவனத்தின் கையேட்டையே மாற்றி எழுதலாம். அல்லது, ஏற்கெனவே நடந்துவரும் கட்ட ஆய்வுக் கூட்டம் (திட்டத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் பணியைச் சீர்தூக்கி முடிவெடுக்கும் கூட்டம்) ஒன்றில் ஒரே ஒரு முறையைப் பொருத்தி, அது நிலைபெற்ற பிறகு அடுத்ததைத் தொடலாம். சிறு இயந்திரக் கருவிகளை உருவாக்கும் எங்கள் பிரிவு மூன்றாவது வழியைத் தேர்ந்தது. எனவே இந்த அலசலும் அதன் பக்கமே சாய்ந்திருக்கும்.

பயிலரங்கின் நன்மைகள் எல்லோரும் அறிந்தவையே. விரைவில் தொடங்கலாம், நிர்வாகத்தின் கண்ணில் படும், விற்பனையாளரும் உற்பத்திப் பொறியாளரும் ஒரே மேசையில் அமர்வார்கள். கூகுளில் 2010-இல் உருப்பெற்ற டிசைன் ஸ்பிரின்ட், அதாவது ஒரு யோசனையை ஐந்து நாளில் மாதிரியாக்கிச் சோதிக்கும் பயிலரங்கு, செயலி ஒன்றின் திரைகளைப் பயனரிடம் காட்டிச் சோதிக்க நன்கு உதவும். ஆனால் உற்பத்திக்கான வார்ப்பச்சைச் செய்யவே வாரக்கணக்கில் ஆகும் பொருளுக்கு, ஐந்தாம் நாள் கையில் இருப்பது அட்டையிலோ 3டி அச்சிலோ செய்த மாதிரிதான். அது கைப்பிடி வசதியாக இருக்கிறதா என்று சொல்லும். எத்தனை ஆண்டு உழைக்கும் என்று சொல்லாது.

முழு நடைமுறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, ஜெர்மன் பொறியாளர் சங்கம் 1986-இல் வெளியிட்டுப் பின்னர் திருத்திய வி.டி.ஐ. 2221 என்ற வடிவமைப்பு வழிகாட்டி. தேவையைத் தெளிவுபடுத்துவதிலிருந்து உற்பத்தி ஆவணங்கள் வரை அதன் பழைய பதிப்பு ஏழு படிகளை வகுக்கிறது. புதிதாக ஒன்றைப் படைக்கும்போது அந்த ஒழுங்கு துணைநிற்கும். நடைமுறையில் பெரும்பாலான பணி பழைய பொருளில் சிறு மாற்றம் செய்வதாகவே இருப்பதால், வரைபடத்தை முதலில் முடித்துவிட்டுப் படிவங்களைப் பின்னர் நிரப்பும் பழக்கம் எளிதில் ஒட்டிக்கொள்கிறது.

எங்கள் தேர்வைத் தீர்மானித்தது பராமரிப்பு. ஒரு முறையைக் கற்பிப்பது கடினமல்ல; கற்பித்தவர் போன பிறகு அதன் தாள்களை யார் புதுப்பிப்பார்கள் என்பதுதான் கேள்வி. ஜப்பானில் மிட்சுபிஷியின் கோபே கப்பல் கட்டும் தளத்தில் 1972-இல் பயன்படுத்தப்பட்ட கியூ.எஃப்.டி., வாடிக்கையாளர் கேட்பதைப் பொருளின் பொறியியல் பண்புகளோடு அட்டவணையில் பொருத்திப் பார்க்கும் அருமையான முறை, ஆனால் 30 வாடிக்கையாளர் தேவைகளையும் 40 பொறியியல் பண்புகளையும் எதிரெதிரே வைத்தால் 1,200 கட்டங்கள் வந்துவிடும். திட்டத்தின் நடுவில் ஒரு தேவை மாறினால் அதன் வரிசை முழுவதையும் மீண்டும் பார்க்க வேண்டும். அதற்கென ஓர் ஆள் இல்லையேல் அந்த அட்டவணை அன்றோடு பழையதாகிவிடும். ஒரு பொருள் எப்படியெல்லாம் பழுதாகலாம், அதன் விளைவு என்ன என்று முன்கூட்டியே பட்டியலிடும் எஃப்.எம்.இ.ஏ. முறை வாகனத் துறையில் நிலைத்திருப்பதற்கு வாடிக்கையாளர் நிறுவனங்களும் தரச் சான்றிதழும் அதைக் கேட்பது பெரிய காரணம். அதிலும் ஒரு கேடு உண்டு. பழுதின் தீவிரம், நிகழ்வாய்ப்பு, அதைக் கண்டறிதல் மூன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பிட்டுப் பெருக்கி வரும் எண்ணை ஒரு வரம்புக்குக் கீழே இறக்குவதே பல குழுக்களுக்கு வேலையாகிப்போனது. அமெரிக்க, ஜெர்மன் வாகனத் துறை அமைப்புகள் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட கூட்டுக் கையேடு அந்தப் பெருக்கலைக் கைவிட்டு, நடவடிக்கை முன்னுரிமை என்ற வேறு வகைப்பாட்டுக்கு மாறியது. தணிக்கையாளருக்காகப் புதுப்பிக்கப்படும் தாளைவிட, அடுத்த முடிவை எடுக்கத் தேவைப்படும் தாளே உண்மையில் உயிரோடு இருக்கும் என்பது என் கருத்து.

இதனால்தான் பிரிட்டிஷ் வடிவமைப்புப் பொறியாளர் ஸ்டூவர்ட் பியூ வகுத்த ஒப்பீட்டு அட்டவணையைக் கருத்துருத் தேர்வுக் கூட்டத்தில், அதாவது எந்த வடிவமைப்பு யோசனையை மேற்கொள்வது என முடிவெடுக்கும் கட்ட ஆய்வில், மட்டும் வைத்தோம். அது ஒரே பக்கம். அந்தத் தாள் இல்லாமல் கூட்டம் தொடங்காது. பொறுப்பு திட்டத் தலைவருடையது. வடிகட்டி ஒன்றின் மூடிக்குத் தாழ்ப்பாள் தேர்ந்தபோது, இருந்த தாழ்ப்பாளை அளவுகோலாக வைத்து மற்றவற்றுக்குக் கூட்டல், கழித்தல், சமம் எனக் குறித்தோம். ‘கையுறையோடு திறக்க முடியுமா’ என்ற வரிசையில் வடிவமைப்பாளர் கூட்டல் போட்ட இடத்தில் சேவைப் பிரிவுத் தொழில்நுட்பர் கழித்தல் போட்டார். தடித்த ரப்பர் கையுறை அணிந்த கட்டைவிரல் அந்த இடுக்குக்குள் நுழையாது என்பது அவருக்குத்தான் தெரிந்திருந்தது. இரண்டு கருத்துருக்களை இணைத்து மூன்றாவது ஒன்று அந்த வாதத்திலிருந்தே பிறந்தது. பின்னர் செலவைக் குறைக்க வேண்டும் என்று வந்தபோது, ஒதுக்கப்பட்ட தாழ்ப்பாளையே ஒருவர் மீண்டும் முன்மொழிந்தார். உடனே பழைய தாளை எடுத்தோம், யாரும் கட்டளையிடவில்லை.

இந்த வழி மெதுவானது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பல ஊர்களில் கிளைகள் உள்ள பெரிய நிறுவனத்தில் ஒவ்வொரு கிளையும் தன் போக்கில் ஒரு முறையை வளர்த்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. அங்கே முழு நடைமுறையே பொருத்தமாக இருக்கலாம். மென்பொருள் குழுக்களுக்கு எங்கள் அனுபவம் எவ்வளவு பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். முறையான கட்ட ஆய்வுக் கூட்டமே இல்லாத நிறுவனத்தில் இந்த வழிக்கு வேர் பிடிக்க இடமில்லை. அங்கே பயிலரங்கில் தொடங்கலாம், ஆனால் அது முடிவதற்குள் அப்படியொரு கூட்டத்துக்கு நாளும் பொறுப்பாளரும் குறித்துவிட வேண்டும்.