போக்கர் டேபிளுக்கு ஃபோம் வாங்குகிறீர்களா? கடையில் காட்டியதும் கைக்கு வந்ததும் வேறு வேறு

குன்னூர், கோத்தகிரி பக்கம் வீட்டிலேயே சீட்டு மேசை செய்ய நினைப்பவர்கள் யாராவது இருந்தால் இதைப் படித்துவிட்டு ஃபோம் வாங்கப் போங்கள். மேட்டுப்பாளையத்தில் ஒரு ஃபோம் கடையில் மாதிரிக்கு ஒன்றைக் காட்டி, பார்சலில் வேறொன்றை அனுப்பினார்கள். இன்றுவரை முழுப் பணம் திரும்பி வரவில்லை.

எங்கள் வீட்டில் மாமாவும் அண்ணன்மாரும் சேர்ந்தால் ரம்மி, பிள்ளைகள் லீவுக்கு வந்தால் போக்கர். காசு கிடையாது, பிளாஸ்டிக் சிப்ஸ் மட்டும்தான். அதற்காக 7 அடிக்கு 4 அடியில், 18 மி.மீ. பிளைவுட்டில் நீள்வட்ட மேசை ஒன்று செய்தேன். பிளைவுட் மேல் ஃபோம், அதற்கு மேல் சீட்டு வழுக்கி ஓடும் பாலியெஸ்டர் துணி.

இந்த மேசைக்கு ஃபோம் எதற்கு என்று கேட்பவர்கள் வெறும் பலகையில் கிடக்கும் சீட்டை நகத்தால் எடுத்துப் பார்க்க வேண்டும். அடியில் கொஞ்சம் மெத்தென்று இருந்தால்தான் விரல் நுனி ஓரத்தில் அழுந்தி, சீட்டு மடங்காமல் கைக்கு வரும். ஆனால் மெத்தை மாதிரி தடியாகவும் இருக்கக் கூடாது. 3 முதல் 6 மி.மீ. வரை போதும். அதற்கு மேல் போனால் சிப்ஸ் அடுக்கு சாயும், முழங்கை ஊன்றிய இடம் குழியும்.

தடிமனைவிட ஃபோமின் ரகம்தான் முக்கியம். ஏசி டக்ட் மேல் சுற்றுகிறார்களே, எக்ஸ்.எல்.பி.இ. ஷீட், அது மூடிய அறை ஃபோம். உள்ளே இருக்கும் காற்றுக் குமிழ்கள் தனித்தனியாக அடைபட்டிருப்பதால் தண்ணீர் உள்ளே போகாது, அழுத்திய விரலை எடுத்தால் உடனே மேலே வந்துவிடும். சோபாவுக்குப் போடும் பி.யூ. ஃபோம் அப்படியில்லை. அதன் அறைகள் ஒன்றோடொன்று திறந்திருக்கும், ஈரத்தை உறிஞ்சும். வடகிழக்குப் பருவமழை நம் பக்கத்தில்தான் வெளுத்து வாங்கும். ஐப்பசி, கார்த்திகையில் அலமாரிக்குள் மடித்து வைத்த துணியே நமத்துப் போகிற ஊரில் எந்த ரகம் வேண்டும் என்று சொல்லவே வேண்டாம்.

அதைத்தான் கடையில் தெளிவாகக் கேட்டேன். கருப்பு நிறத்தில், 6 மி.மீ. தடிமனில் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார்கள். நல்ல சரக்கு. "ஊட்டி, குன்னூர்ல பில்லியர்ட்ஸ் மேசைக்கெல்லாம் நாங்கதான் சார் ஃபோம் அனுப்புறோம்" என்றார் முதலாளி. இந்தப் பேச்சை வேறு யாரிடமாவது கேட்டால் அங்கேயே உஷாராகிவிடுங்கள். பில்லியர்ட்ஸ் மேசையில் துணிக்கு அடியில் இருப்பது ஸ்லேட் கல். ஃபோம் வைத்தால் பந்து நேராக உருளாது. அதே மேசையில் ஆடும் ஸ்னூக்கரின் விதிகளை பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லேன் 1882இல் வகுத்ததே ஊட்டியில்தான். இந்த மலையில் அந்த மேசையைப் பக்கத்தில் பார்த்தவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மாதிரித் துண்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். ஷீட்டைக் குடோனிலிருந்து எடுத்து பஸ் பார்சலில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார்கள். வந்தது அதே கருப்பு, அதே 6 மி.மீ., மேலே பாலித்தீன் உறை. ரப்பர் பேஸ்ட் தடவி ஒட்டி, துணியை இழுத்துப் பின் அடித்தோம்.

மழை பிடித்ததும் மேசையின் லட்சணம் தெரிந்தது. மாமா உட்காரும் பக்கம் இரண்டு முழங்கைக் குழி, எழுந்து போன பிறகும் அப்படியே நின்றது. சீட்டு பாதி வழியில் நின்றுவிடும். துணியில் மூக்கை வைத்தால் நமத்த வாடை. பின்னைப் பிடுங்கித் துணியைத் தூக்கினால், பேஸ்ட்டை ஃபோம் குடித்துத் திட்டுத் திட்டாக இறுகிக் கிடந்தது.

மிச்சமிருந்த துண்டை வாயில் வைத்து ஊதினேன். காற்று தாராளமாக அந்தப் பக்கம் போனது. கடையில் வாங்கிய மாதிரித் துண்டை ஊதினால் துளிக் காற்றும் போகவில்லை. இரண்டையும் ஒரு கிண்ணத் தண்ணீரில் அமுக்கி எடுத்தேன். மாதிரி துடைத்தால் உலர்ந்துவிட்டது. பார்சலில் வந்தது கையில் பிழிய ஒழுகியது.

போன் செய்தால், "அதுவும் 40 டென்சிட்டிதான் சார், மலைக்கு மேல எல்லா ஃபோமும் அப்படித்தான் ஆகும்" என்கிறார்கள். அதுவும் பொய். 40 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் 40 கிலோ. அந்தக் கணக்கில் ஒரு சதுர அடி, 6 மி.மீ. துண்டு 22 கிராம் இருக்க வேண்டும். நனையாத துண்டில் சரியாக ஒரு சதுர அடி வெட்டி சமையலறைத் தராசில் வைத்தேன். 11 கிராம். அதாவது 20 டென்சிட்டிதான்.

பில்லில் வெறும் "ஃபோம் ஷீட் – 1" என்று எழுதி, கீழே "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். அதைப் பார்த்து யாரும் பின்வாங்க வேண்டாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். திருப்பிக் கொடுக்கப் பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் கணக்கு. பில் தர மறுப்பதும் அதே குற்றம்தான். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது, அங்கே புகாரைப் பதிந்தேன். அதன் பிறகுதான் கடைக்காரர் பாதிப் பணம் தருகிறேன் என்று இறங்கி வந்தார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஃபோம் மட்டுமா போனது? துணியும் பேஸ்ட்டும் சேர்ந்தல்லவா வீணானது!

அதனால் எங்கே வாங்கினாலும் சரி, ரோலைப் பிரித்து உங்கள் கண் முன்னால் வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய ஓரத்தில் வாயை வைத்து ஊதிப் பாருங்கள். பில்லில் ரகம், தடிமன், டென்சிட்டி மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். பார்சலில்தான் வரும் என்றால், ஒட்டுவதற்கு முன்பே ஊதியும் நனைத்தும் பார்த்துவிடுங்கள். பேஸ்ட் தடவிய ஷீட்டை எந்தக் கடையிலும் கையில் வாங்க மாட்டார்கள்.

மாதிரித் துண்டு, வந்த துண்டு, பில், பார்சல் ரசீது எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. முழுப் பணம் வராவிட்டால் ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுவேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடம் வரை அவகாசமும் இருக்கிறது. இதே மாதிரி பார்சலில் ஏமாந்தவர்கள் இருந்தால் பில்லோடு சொல்லுங்கள்.