தட்டி வாசிக்கும் வாத்தியத்தில் மிடி பிக்கப்: அஞ்சு வருஷத்துக்கு அப்புறம்

மிடி என்பது மின்னணு இசைக்கருவிகள் தங்களுக்குள் சுரங்களைப் பரிமாறிக்கொள்ளும் முறை. மிடி பிக்கப் கம்பியின் அதிர்வைப் பிடித்து ஒரு சிந்தசைசர் பெட்டிக்கு அனுப்பும், பெட்டி அதைக் குழல், வயலின் என்று வேறு ஒலியாக மாற்றும். என் வாத்தியத்தில் அப்படியொரு ரோலண்ட் ஜிகே-3 பிக்கப்பைப் பொருத்தி இந்த இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையோடு அஞ்சு வருஷம் முடிகிறது. பொருத்திய முதல் மாதம் யாராவது கேட்டிருந்தால் "வாங்காதீங்க" என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது அது இல்லாமல் பஜனைக்குக் கிளம்புவதில்லை. பிக்கப் அதேதான், பெட்டியும் அதேதான். மாறியதெல்லாம் கம்பியை அடக்கிய விதமும் என் வலது கையும்தான், அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

வாத்தியம் என்னவென்று தெரியாதவர்களுக்கு: சாப்மன் ஸ்டிக் என்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் எம்மெட் சாப்மன் 1969-ல் இரண்டு கை விரல்களாலும் மெட்டுப் பலகை மேல் தட்டி வாசிக்கும் தன் முறையைக் கண்டடைந்தார், அதற்கென்றே அவர் செய்த வாத்தியம் 1974-ல் விற்பனைக்கு வந்தது. மீட்டுவது கிடையாது. கம்பியை மெட்டின் மேல் தட்டி அழுத்தினாலே நாதம் வரும், அதனால் ஒரு கை பேஸையும் இன்னொரு கை மெலடியையும் ஒரே நேரத்தில் வாசிக்கலாம். என்னுடையது அசல் ஸ்டிக் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்து ஆசாரி ஒருவர் பலா மரத்தில் செய்து கொடுத்தது. பத்துக் கம்பி. சுருதி மட்டும் ஸ்டிக்கின் பழைய முறை: மெலடிப் பக்கம் அஞ்சு கம்பியும் ச-ம இடைவெளியில், பேஸ் பக்கம் அஞ்சும் ச-ப இடைவெளியில். செய்யும்போதே கம்பிகளுக்கு நடுவே கிட்டார் அளவு இடம் விடச் சொன்னேன், ஏனென்றால் எனக்குக் கம்பியை இழுத்துக் கமகம் பிடிக்க வேண்டும். மிடி நினைப்பே அப்போது இல்லை, ஆனால் அந்த இடைவெளிதான் பின்னால் கைகொடுத்தது. ஜிகே-3 ஆறு கம்பிக் கிட்டாருக்காகச் செய்தது, ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாக ஒரு சின்னக் காயில் (செப்புச் சுருள்) இருக்கும். கம்பி தன் காயிலுக்கு நேர் மேலே போகாவிட்டால் பக்கத்துக் கம்பியின் ஒலி இதில் கசியும், சிந்தசைசர் குழம்பிப்போகும். கம்பிகள் நெருக்கமாக உள்ள வாத்தியம் என்றால் முதலில் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு அப்புறம் காசை எடுங்கள்.

பிக்கப்பிலிருந்து 13 பின் கேபிள், அது ரோலண்டின் ஜிஆர்-55 சிந்தசைசர் பெட்டிக்குப் போகிறது, பழையதாக வாங்கியது. பிக்கப்புக்கு வேண்டிய கரண்டும் அந்தக் கேபிளிலேயே வந்துவிடுவதால் பேட்டரித் தொல்லை இல்லை. வாத்தியத்தின் சொந்தப் பிக்கப் ஒலியை இதற்குள் விடாமல் தனியாக ஆம்ப்ளிஃபையருக்கே கொண்டுபோகிறேன். பிக்கப் மெலடிப் பக்கத்துக்கு மட்டும்தான், அஞ்சு கம்பிக்கு ஆறு காயில் என்பதால் ஒன்று சும்மா இருக்கும். முதலில் ஆறாவதைக் காலியாக விட்டிருந்தேன். பிறகு ஒருநாள் யோசித்தேன்: என் கீழ்க் கம்பியின் சுருதி கிட்டாரின் ஆறாவது கம்பிக்கு ஒரு முழு சுரம்தான் மேலே, மற்ற கம்பிகளும் ஏறக்குறைய அப்படித்தான் உட்காருகின்றன, அப்படியென்றால் ஒரு காயில் தள்ளி வைத்து முதல் காயிலைக் காலியாக விட்டால் என்ன? தள்ளி வைத்ததும் கீழ்க் கம்பிகளில் தாறுமாறாகக் குதிப்பது நன்றாகக் குறைந்தது. காலிக் காயிலின் சென்சிட்டிவிட்டியை (எவ்வளவு மெல்லிய அதிர்வைப் பிடிக்கும் என்ற அளவை) பூஜ்யத்துக்கு இறக்கி வைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அதுவும் எதையாவது பிடித்துக் கத்தும்.

பேஸ் பக்கத்துக்கும் ஒன்று போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். நண்பரிடம் இன்னொரு பிக்கப் இரவல் வாங்கி இரண்டு வாரம் பார்த்தேன். கம்பியின் அதிர்வு குறைந்தது ஒரு முழுச் சுற்றாவது போனால்தான் இது என்ன சுரம் என்று பெட்டியால் கணிக்க முடியும். மெலடிப் பக்கத்துக் கடைசிக் கம்பி திறந்த நிலையில் 92.5 ஹெர்ட்ஸ், ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட் ஆகும். பேஸின் கீழ்க் கம்பி 32.7 ஹெர்ட்ஸ், ஒரு சுற்றுக்கே 31 மில்லி செகண்ட். விரல் தட்டி முடித்து, தாளம் நகர்ந்து, அப்புறம்தான் சத்தம் வரும். எந்தப் பெட்டி வாங்கினாலும் கம்பி சுற்றுகிற வேகத்தை யாரும் மாற்ற முடியாது. பேஸ் அதன் சொந்த ஒலியிலேயே அழகு, விட்டுவிடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். கிட்டாரில் மீட்டுகிறவர்களுக்கு இல்லாத ஒரு தலைவலி நமக்கு உண்டு. தட்டும்போது கம்பி விரலுக்கு இரண்டு பக்கமும் அதிரும், விரலை எடுக்கும்போது கம்பி லேசாகச் சுண்டப்படும். சாதாரண ஆம்ப்ளிஃபையரில் இதெல்லாம் காதில் விழாது. மிடி பிக்கப் அதைத் தனி சுரமாக எடுத்துக்கொண்டு முழு வயலினாக ஒலிக்கும். முதல் மாதம் நான் 'ச ரி க' வாசித்தால் ஒவ்வொரு சுரத்துக்கும் வாலில் ஒரு திறந்த கம்பியின் சத்தம் கூடவே வந்தது. பெட்டியின் சென்சிட்டிவிட்டியைக் குறைத்தால் மெதுவாகத் தட்டும் சுரங்கள் காணாமல் போயின, கூட்டினால் இடது கை பேஸில் குத்துவது மரத்தின் வழியே வந்து வலது பக்கத்தைக் கிளப்பியது. பத்து நாள் பட்டனைத் திருகியே போனது.

தீர்வு பட்டனில் இல்லை. அசல் ஸ்டிக்கில் நட்டுக்கு (கழுத்து முனையில் கம்பியைத் தாங்கும் கட்டைக்கு) பக்கத்தில் திறந்த கம்பியின் அதிர்வை அடக்க ஒரு டேம்பர் இருக்கும், ஆசாரியிடம் அதைச் சொல்ல எனக்கு அன்று தோன்றவில்லை. பல துணிகளைப் போட்டுப் பார்த்தேன். கம்பளி நூல் அதிகமாக அடக்கியது, முதல் இரண்டு மெட்டில் சுரமே எழவில்லை. பஞ்சு ஒரு மாதத்தில் வியர்வையில் கட்டியாகிவிட்டது. கடைசியில் நின்றது வெல்க்ரோவின் மெத்தென்ற பக்கம். இரண்டு விரல் அகலம் வெட்டி, நட்டுக்கும் முதல் மெட்டுக்கும் நடுவே, கம்பிக்கு அடியில், கம்பியைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற மாதிரி ஒட்டினேன். விரலை எடுத்த நொடியில் கம்பி ஊமையாகிவிட வேண்டும், விரல் அழுத்தியிருக்கும்போது நாதம் குறையவே கூடாது. அந்த உயரம் கிடைக்கும் வரை அடியில் காகிதம் வைத்து வைத்து எடுத்தேன். அது கிடைத்த அன்றைக்குப் பேய் சுரங்களில் முக்கால்வாசி போய்விட்டன. மீதி என் விரலில் இருந்தது: சுரத்தை விடும்போது பக்கவாட்டில் இழுக்காமல் நேர் மேலே எடுக்கப் பழகினேன், அதற்கு ஆறு மாதம் பிடித்தது.

பொருத்துவதில் ஒரு எச்சரிக்கை. பிக்கப்போடு இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் வரும், குதிரைக்குப் பக்கத்தில் அதை வைத்து ஒட்டினேன். மீன மாதத்துப் பாலக்காட்டு வெயிலில், காரில் ஒரு மதியம் வைத்ததற்கே, பசை இளகி பிக்கப் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. இப்போது ஹார்டுவேர் கடையில் வாங்கிய அலுமினிய எல் ஆங்கிளை வெட்டி ஸ்குருவில் நிறுத்தியிருக்கிறேன். கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இருக்க வேண்டும், கடைசி மெட்டை அழுத்திக்கொண்டு பார்க்க வேண்டும். ஏடிஎம் கார்டு கொஞ்சம் லூசாக நுழைந்தால் சரி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் மரம் காய்ந்து இறுகும், மழையில் ஊதும், வருஷத்துக்கு இரண்டு தடவை இந்த இடைவெளியைச் சரிபார்க்காமல் இருக்க முடியாது.

கமகம்தான் நான் இதை வாங்கியதற்கே காரணம், அதில்தான் நிறையப் பேர் வெறுத்துப்போய் விற்றுவிடுகிறார்கள். மூன்றை மட்டும் பாருங்கள். குரோமட்டிக் என்ற வசதி ஆனில் இருந்தால் சுரம் படிப்படியாக ஏறும், தோடியின் காந்தாரம் ஹார்மோனியக் கட்டையில் வாசித்த மாதிரி ஆகிவிடும். அதை அணையுங்கள். அடுத்து, லேப்டாப்புக்கு அனுப்பும்போது மோனோ முறை. அதில் ஒவ்வொரு கம்பிக்கும் தனி சேனல், ஒரு கம்பியை இழுத்தால் அது மட்டும் வளையும். பாலி (poly) முறையில் எல்லாம் ஒரே சேனலில் போவதால் கம்பிக்குக் கம்பி தனியாக வளைக்க வழியில்லை. மூன்றாவது பிட்ச் பெண்ட் அளவு, அதாவது சுரம் எத்தனை அரை சுரம் வரை வளையலாம் என்பது. பெட்டியில் 12 வைத்துவிட்டு சாப்ட்வேரில் வழக்கமான 2-ஐ மாற்றாமல் விட்டால், நீங்கள் அரை சுரம் இழுப்பதில் ஆறில் ஒரு பங்குதான் காதில் விழும். இரண்டு பக்கமும் 12 வைத்த அன்று மத்தியானம் ஆனந்தபைரவி ஆலாபனையை ஒன்றரை மணி நேரம் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருந்தேன், அம்மா சாப்பிடக் கூப்பிட்டது கேட்கவில்லை.

எந்த ஒலி எடுபடும் என்றால், மெதுவாக எழுகிறவை: புல்லாங்குழல், வயலின் கூட்டம், ஹார்மோனியம். பியானோ, ஜலதரங்கம் மாதிரி வெடுக்கென்று ஆரம்பிப்பவற்றில் தாமதம் பளிச்சென்று தெரியும். நான் கம்பியின் சொந்த ஒலியைக் கொஞ்சம் கலந்தே வைக்கிறேன். தட்டும் சத்தம் உடனே வந்துவிடும், அதன் முதுகில் ஏறிக்கொண்டு குழல் வருவதால் தாமதம் காதுக்குத் தட்டாது. போன மார்கழியில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பஜனை மடத்தில் வாசித்தபோது, கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்த பெரியவர் பாட்டு முடிந்ததும் திரும்பி, "குழல் வாசிக்கற பையன் எங்கப்பா உட்கார்ந்திருக்கான்?" என்று தேடினார். வாத்தியத்தைக் காட்டினேன். கம்பியைத் தொட்டுப் பார்த்தார், அப்புறம் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பாட்டுக்கு என் சுருதியையே எடுத்துக்கொண்டார்.

அஞ்சு வருஷத்தில் பழுதானது கேபிள் மட்டும்தான், இரண்டு தடவை. கடையில் மலிவாகக் கிடைத்ததை வாங்கினேன், ஒரு பின்னில் சால்டர் விட்டுப்போய் ஒரே ஒரு கம்பி மட்டும் ஊமையாகிவிட்டது, அதுவும் 'வேலா' என்ற கோயில் திருவிழா மேடையில். பிக்கப்தான் போய்விட்டது என்று பயந்து ஒரு வாரம் தூங்கவில்லை. ஒரு கம்பி மட்டும் கேட்கவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

இன்றைக்குப் புதிதாக வாங்குகிறவர்கள் கவனிக்க: 2023-ல் ரோலண்ட் தன் பாஸ் (BOSS) பிராண்டில் ஜிகே-5 பிக்கப்பையும் ஜிஎம்-800 பெட்டியையும் கொண்டுவந்தது, அதில் 13 பின் போய் வேறு வகைக் கேபிள் வந்துவிட்டது. பழைய பெட்டியோடு புதிய பிக்கப்பைச் சேர்க்க நடுவில் தனியாக ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். நான் மாற்றவில்லை. முந்தாநாள்தான் மழைக்கு முன்னால் இடைவெளியை அளந்தேன், மூன்றாவது கம்பி மட்டும் கொஞ்சம் தாழ்ந்திருந்தது, குதிரைக்கடியில் ஒரு காகிதம் வைத்துத் தூக்கியிருக்கிறேன்.