ஹட்டனில் வாங்கிய கவராயம்: உள்வட்டம் வரைந்து பார்த்தோம்

தங்கச்சி இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். அவளுடைய பழைய கவராயத்தின் மூட்டு தளர்ந்துவிட்டது. வட்டம் போட்டால் தொடங்கிய இடத்தில் வந்து முடியாது. அதனால் போன சனிக்கிழமை ஹட்டனில் ஒரு புத்தகக் கடையில் 650 ரூபாவுக்கு உலோகக் கவராயம் ஒன்று வாங்கினேன்.

கவராயம் நல்லதா என்று பார்க்க, சமபக்க முக்கோணிக்குள் உள்வட்டம் வரைவதுதான் என் வழக்கம். சும்மா ஒரு வட்டம் போட்டால் குறை தெரியாது. உள்வட்டமோ மூன்று பக்கங்களையும் தொட்டே ஆக வேண்டும். முக்கோணி, இரண்டு கோண இருகூறாக்கிகள், மையத்திலிருந்து பக்கத்துக்கு ஒரு செங்குத்து என்று பத்துப் பதினொரு வில் போட்ட பிறகுதான் அந்த வட்டமே வரும். இடையில் ஒரு வில் நழுவினாலும் கடைசியில் காட்டிக் கொடுத்துவிடும்.

பக்கம் 12 சென்ரிமீற்றர் என்று எடுத்தோம். வரைய முன்பே ஆரையைக் கணக்குப் பார்த்து வைத்தோம். மையத்தை மூன்று உச்சிகளோடும் இணைத்தால் ஒரே அளவான மூன்று சின்ன முக்கோணிகள் வரும். ஒவ்வொன்றுக்கும் அடி 12, உயரம்தான் ஆரை. மூன்றும் சேர்ந்ததுதானே பெரிய முக்கோணி? அதற்கும் அடி 12. அப்படியென்றால் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆரை. பைதகரஸ் தேற்றப்படி உயரம் √108, கிட்டத்தட்ட 10.39. ஆரை 3.46.

"அப்ப பக்கத்தை 2√3 ஆல வகுக்கிறதைப் பாடமாக்கத் தேவையில்லையா அக்கா?" என்று கேட்டாள். மறந்துபோனால் இப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அவள் முகம் தெளிந்ததைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பழைய கவராயத்தில் மூன்றாம் பக்கத்துக்கும் வட்டத்துக்கும் இடையே 2 மில்லிமீற்றர் இடைவெளி விழுந்தது. புதியது மூன்றையும் தொட்டது. அடிமட்டத்தில் அளந்தால் ஆரை மூன்றரைக்குச் சற்றுக் குறைவு. திருகாணியை இறுக்கினால் கால் அசைவதே இல்லை.

குறையும் உண்டு. ஊசி மிகக் கூர். எங்கள் பக்கத்து மழைக்குக் கொப்பித்தாள் ஈரம் குடித்து மெதுவாகிவிடும், ஒரே புள்ளியில் நாலு வில் போட்டால் ஓட்டை பெருத்து மையம் நகர்கிறது. அடியில் இன்னொரு கொப்பியை வைத்து, ஊசியை லேசாக ஊன்றினால் சரியாக வருகிறது. திருகாணியும் இறுக்கம்; சின்ன வகுப்புப் பிள்ளைகளின் விரலுக்குக் கஷ்டம். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கிறவர்களுக்குத் தாராளமாக வாங்கலாம். கடையிலேயே பென்சிலைப் பூட்டி ஒரு வட்டம் போட்டுப் பார்த்து வாங்குங்கள், அந்த அண்ணன் தாளும் தந்தார்.