மட்கும் கட்டை மேடா, மண் நிரப்பிய பெட்டியா, அட்டை மூடாக்கா?

வெட்டிப்போட்ட கட்டைகளும் முறிந்த கிளைகளும் தோட்டத்து மூலையில் குவிந்து கிடந்தால் அவற்றைக் கொளுத்தாதீர்கள். மண்ணுக்குள் புதைத்து, மேலே மேடாகப் பாத்தி கட்டி, காய்கறி போடலாம். இதற்கு ஹ்யூகல்கல்ச்சர் என்று பெயர். ஜெர்மன் பேசும் நாடுகளிலிருந்து வந்த முறை. ஆஸ்திரிய விவசாயி செப் ஹோல்சர் தன் மலைப் பண்ணையில் செய்து காட்டிய பிறகு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. எனக்கு மிகவும் பிடித்த முறை. ஆனால் ‘ஒருமுறை கட்டினால் போதும், அப்புறம் தண்ணீரும் வேண்டாம் உரமும் வேண்டாம்’ என்று சொல்லி இதைப் பரப்புகிறவர்களை நம்பி இறங்கினால் முதல் வருடமே மனம் விட்டுப்போகும். அதனால் இதை முழுக்க மண் நிரப்பிய பெட்டிப் பாத்தியோடும், தரையில் அட்டை விரித்து மேலே மக்கு உரம் கொட்டும் முறையோடும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் தண்ணீர். புதைத்த கட்டை பஞ்சு மாதிரி நீரைப் பிடித்து வைக்கும் என்பது சரிதான். ஆனால் எந்தக் கட்டை? புதிதாக வெட்டிய கட்டையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், அசையாது. நன்றாக இற்றுப்போன கட்டையில் விரல் உள்ளே இறங்கும். பிய்த்தால் நார் நாராக வரும், நடுவே வெள்ளைப் பூஞ்சை இழைகள் ஓடியிருக்கும். மழைக்குப் பிறகு ஒரு துண்டைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். நீரைப் பிடிப்பது இந்தக் கட்டைதான். பச்சைக் கட்டை இந்த நிலைக்கு வரப் பல வருடம் ஆகும். அதுவரை மேட்டுக்கு மற்ற பாத்திகளைப் போலவே தண்ணீர் ஊற்றியாக வேண்டும்.

இன்னொன்று, மேட்டின் வடிவம். செங்குத்தான சரிவில் விழும் தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடிவிடும். காற்றும் வெயிலும் படும் பரப்பு அதிகம், அதனால் சீக்கிரம் காயும். ஆள் உயர மேடு குளிர்ந்த, மழை அதிகமான இடங்களுக்குப் பொருந்தும். வெயில் காயும் இடமாக இருந்தால் குழி தோண்டி, கட்டையைத் தரைமட்டத்துக்குக் கீழே அடுக்குவதே நல்லது. பாத்தியின் மேல்மட்டம் தரையோடு தரையாகவோ கொஞ்சம் உயர்ந்தோ இருந்தால் போதும்.

மண் பெட்டி தண்ணீர் விஷயத்தில் நடுத்தரம். அட்டை மூடாக்கோ முதல் நாளிலிருந்தே ஈரத்தைக் காப்பாற்றும். இந்த ஒரு விஷயத்தில் தொடக்க வருடங்களில் அது கட்டை மேட்டை எளிதாக வெல்கிறது.

அடுத்தது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். குழப்பம் அதிகமாக நடப்பது இங்கேதான். மக்கு உரக் குவியலில் கார்பனும் நைட்ரஜனும் 25-30க்கு 1 என்ற விகிதத்தில் இருந்தால் நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்யும். மரத்திலோ கார்பன் நூறுகணக்கில் இருக்கும். அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய நைட்ரஜனைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும். செடியின் அடி இலைகள் வெளிறி மஞ்சளானால் இது நடக்கிறது என்று அர்த்தம். ஆனால் இந்த இழுபறி மரமும் மண்ணும் தொட்டுக்கொள்ளும் இடத்தில்தான் நடக்கிறது. அதனால் தடித்த கட்டையால் வரும் பாதிப்பு குறைவு. மரத்தூளையும் சீவலையும் மண்ணோடு கலந்தால்தான் பெரிய தொல்லை. சீவலை மேலே மூடாக்காகப் பரப்புங்கள், தடித்த கட்டையைக் கீழே புதையுங்கள். இடையில் பச்சைப் புல், தொழு உரம், சமையலறைக் கழிவு என்று தாராளமாகப் போட்டு, மேலே குறைந்தது 20-30 செ.மீ. நல்ல மண் இருக்கும்படி செய்தால் முதல் வருடமே விளையும். பூசணியும் அவரையும் நன்றாக வரும். கேரட், முள்ளங்கி மாதிரி நேராக இறங்கும் கிழங்குகளுக்கு மண் ஆழமும் சீரும் வேண்டும், அவற்றை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

மண் பெட்டியில் இந்தக் கவலையே இல்லை, இன்று நிரப்பி நாளை நடலாம். குறை அதன் எடையிலும் அளவிலும்தான். 1.2 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் நீளம், 60 செ.மீ. உயரம் என்றால் சுமார் 1.7 கன மீட்டர் மண் தேவை, அதாவது இரண்டு டன் அளவுக்கு. அதனால்தான் பெரும்பாலானவர்களுக்கு நான் கலப்பு முறையைச் சொல்கிறேன்: பெட்டியின் கீழ்ப்பாதியில் கட்டை, மேல்பாதியில் மண். சரிவு இல்லை, வழிந்தோடல் இல்லை, மண்ணும் கணிசமாக மிச்சம். அடுக்கும்போது கட்டைகளின் இடுக்கில் மண்ணைப் போட்டுத் தண்ணீர் பீய்ச்சி இறக்குங்கள். வெற்றிடம் விட்டால் எலி குடியேறும்.

குனியச் சிரமப்படாதவர்களுக்கும், தரை ஓரளவு நல்லதாக இருப்பவர்களுக்கும் அட்டை முறையே போதும். அட்டையை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து நனைத்து, மேலே 10 செ.மீ. மக்கு உரம். அவ்வளவுதான். கோரை மாதிரி களைகள் மட்டும் அட்டையைக் குத்திக்கொண்டு வரும். கட்டை கையில் இல்லாதவர்கள் அதற்காக வெளியிலிருந்து வண்டி வைத்து ஏற்றி வர வேண்டாம், இந்த முறைக்கே போகலாம்.

கட்டையைத் தேர்ந்தெடுப்பதில் கண்டிப்பாக இருங்கள். ரசாயனம் ஏற்றிய மரம், கிரியோசோட் என்ற தார் எண்ணெய் பூசிய பழைய ரயில் கட்டை எதுவும் கூடாது. கருப்பு வால்நட் மரத்தில் தக்காளிக்கு ஆகாத பொருள் உண்டு. வில்லோ மரக் கட்டை பச்சையாக இருந்தால் பாத்திக்குள்ளேயே துளிர்க்கும். கரையான் இருக்கும் இடத்தில் வீட்டுச் சுவரை ஒட்டிக் கட்டை புதைக்காதீர்கள். சரிவான நிலத்தில் வெள்ளத்தைத் தடுக்கும் கரையாகவும் இதைக் கட்டாதீர்கள். மரம் மிதக்கும், தண்ணீர் தேங்கினால் கரையே உடைந்து போகும்.

எந்த மரப் பாத்தியும் அமுங்கத்தான் செய்யும். ஒவ்வொரு பருவத்துக்கும் முன் மேலே மக்கு உரம் சேர்த்து மட்டத்தைச் சரிசெய்யுங்கள். பழமரக் கன்றை மட்டும் இதில் நட வேண்டாம். கீழே கட்டை இற்று இறங்க இறங்க மரம் சாயும், வேர் வெளியே தெரியும்.