200 தாள் ஓரிகாமி பாக்கெட்: 90 யூனிட் பந்து செய்யப் போறவங்க படிச்சிட்டு வாங்குங்க

ஏழரை சென்டிமீட்டர் சதுரத் தாள், 10 கலர், கலருக்கு 20. அட்டையில மாடுலர் ஓரிகாமிக்குன்னே (ஒரே மாதிரி மடிச்ச பல தாளை, அதாவது யூனிட்டுகளை, ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி உருவம் செய்றது) போட்டிருந்ததால யோசிக்காம வாங்கிட்டேன், ரெண்டு மாசமா இதைத்தான் மடிச்சிட்டிருக்கேன்.

பேப்பர் நல்ல பேப்பர், சும்மா சொல்லக்கூடாது. மெலிசா இருக்கு, நகத்தால ஒரு இழு இழுத்தா மடிப்பு அப்படியே நிக்குது, சாயமும் உதிரல. பளபளப்பு இல்லாதது இன்னும் நல்லது, பசை இல்லாம ஒண்ணை ஒண்ணு கவ்விக்கிட்டுத்தானே நிக்கணும், முன்னாடி வச்சிருந்த வழவழ பேப்பர்ல இந்தப் பக்கம் சொருகுனா அந்தப் பக்கம் கழண்டுரும்.

முதல்ல சோனோபேங்கிற யூனிட் 30 சேத்து ஒரு பந்து. மூணு கலர், பத்துப் பத்து. ஏழு யூனிட்டை இடவலம் மாத்தி மடிச்சுத் தொலைச்சேன், அது என் தப்பு, அந்த மாதிரி மாறிப்போனது மத்ததோட சேரவே சேராது. அதைச் சரி பண்ணியும் கடைசி யூனிட்டோட நாக்கு மாதிரி முனை பக்கத்து யூனிட்டோட மடிப்புப் பைக்குள்ள போகவே மாட்டேங்குது. சந்தேகப்பட்டு ஸ்கேலை வச்சுப் பாத்தா ஒரு பக்கம் 75 மில்லிமீட்டர், இன்னொரு பக்கம் 76! ஒத்தைத் தாள்ல அது ஒண்ணுமே இல்ல, 30 தாள் கைகோத்து வட்டமா வரும்போதுதான் உதைக்குது. அப்புறம் நீளப் பக்கம் எப்பவும் என்னைப் பாத்து இருக்குற மாதிரி வச்சு எல்லாத்தையும் புதுசா மடிச்சேன், கோணல் எல்லா யூனிட்லயும் ஒரே மாதிரி விழுந்ததால எப்படியோ சேந்துருச்சு.

அஞ்சு நான்முகி (நாலு முக்கோண முகம் உள்ள உருவம்) ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னுற மாடலுக்கு மட்டும் இந்த பாக்கெட் கச்சிதம். ஒரு நான்முகிக்கு ஆறு விளிம்பு, விளிம்புக்கு ஒரு பட்டை, ஒரு தாளை நீளவாக்குல மூணா வெட்டுனா மூணு பட்டை, ஆக கலருக்கு ரெண்டு தாள், மொத்தமே பத்துத் தாள்ல முடிஞ்சிருது. என்ன, பட்டை ரெண்டரை சென்டிமீட்டர் அகலம்தான், நாலாவது நான்முகியை மத்த மூணுக்குள்ள நுழைக்கும்போது விரல் போக இடமில்லாம ட்வீசரைத் தேடி ஓடுனேன்.

ஒரு ஸ்டார் குறைச்சதுக்குக் காரணம் பக்கிபால். தாமஸ் ஹல்ங்கிற கணிதக்காரரோட ஃபிஸ்ங்கிற யூனிட்ல செய்றது, 12 ஐங்கோணம் 20 அறுகோணம், ஃபுட்பால் மாதிரியே வரும், 90 யூனிட். ஒவ்வொரு முனையிலயும் மூணு யூனிட் சேருது, மூணும் வேற வேற கலரா வர மூணே கலர் போதும், ஆனா ஒவ்வொண்ணுலயும் சரியா 30 வேணும். இதுல இருக்கறது 20! மாடுலருக்குன்னு போட்டு விக்கிறவங்க ஒரு தடவையாவது மடிச்சுப் பாத்திருக்க வேணாமா, கலரை பாதியாக்கி தாளை ரெட்டிப்பாக்கியிருந்தா யாரு கேக்கப் போறா.

வேற வழியில்லாம ரெண்டாவது பாக்கெட்டும் வாங்குனேன். அதுல பச்சை வேற பச்சையா இருக்கு.