மணிக்கட்டு முறிவு: கம்பி நல்லாத்தான் பிடித்தது, சொல்லி அனுப்பியதுதான் போதாது

வன்னியில் உள்ள ஒரு அரச ஆஸ்பத்திரியில் அம்மாவின் வலது மணிக்கட்டுக்குச் செய்த சத்திரசிகிச்சையையும் அதற்குப் பிறகு கொடுத்த பிசியோ என்ற பயிற்சிச் சிகிச்சையையும் பற்றித்தான் எழுதுகிறேன். குறையும் சொல்ல இருப்பதால் ஆஸ்பத்திரியின் பெயரைப் போடவில்லை. சத்திரசிகிச்சை நல்லது, பிசியோ அதைவிட நல்லது, ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது சொல்லிவிடுகிற விதம் சரியே இல்லை.

அம்மா கிணற்றடியில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். முன்கையில் பெருவிரல் பக்கம் இருக்கிற ஆரை எலும்பு மணிக்கட்டுக்குக் கிட்ட உடைந்து பின்பக்கமாகச் சரிந்திருந்தது. வயதான பெண்களுக்கு அடிக்கடி வருகிற முறிவு இது. டப்ளினைச் சேர்ந்த அபிரகாம் கொலிஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் எக்ஸ்ரே வருவதற்கு முன்பே, 1814இல், இதை விவரித்து எழுதியதால் இன்றைக்கும் அவர் பெயரிலேயே சொல்கிறார்கள். நாட்டு வைத்தியத்தில் புக்கை கட்டினால் போதும் என்றவர்களும் அயலில் இருந்தார்கள். சரிந்த எலும்பை நேராக்காமல் கட்டினால் அது சரிந்தபடியே பொருந்திவிடும், அதனால் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். மயக்கம் கொடுத்து, இழுத்து நேராக்கி, தோலுக்கு வெளியிலிருந்தே மெல்லிய கம்பிகளை ஏற்றி, மேலே பிளாஸ்டர் போட்டார்கள்.

வீட்டில் சண்டை வந்தது இந்தக் கம்பியால்தான். கம்பிக்குப் பதிலாக, வெட்டித் திறந்து எலும்பில் உலோகத் தகடு பூட்டுவதும் உண்டு, அதைத்தான் பிளேட் என்கிறார்கள். லண்டனில் இருக்கிற மாமா, "பிளேட் வைக்கச் சொல்லுங்கோ, கொழும்புக்குக் கொண்டு போங்கோ, காசு நான் அனுப்புறன்" என்று ஒரே பிடியாக நின்றார். டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, முறிவு மூட்டுக்குள் போகவில்லை, இழுத்ததும் எலும்பு இடத்துக்கு வந்துவிட்டது, இதற்குக் கம்பி போதும் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். அப்புறம் நானும் தேடி வாசித்தேன். மாமா இருக்கிற பிரிட்டனிலேயே 2014இல் வெளிவந்த டிராஃப்ட் என்ற ஆய்வில், இப்படி இழுத்து நேராக்கக்கூடிய முறிவு உள்ள 461 பேரில் ஒரு பகுதியினருக்குக் கம்பியும் மற்றவர்களுக்குப் பிளேட்டும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு வருடம் கழித்துக் கையின் வேலையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. மூட்டுக்குள் நொறுங்கி, இழுத்தாலும் இடத்துக்கு வராத முறிவு என்றால் கதை வேறு, அதற்குத் திறந்து பிளேட் வைக்கத்தான் வேண்டும். மற்றப்படி, அரச ஆஸ்பத்திரியில் காசில்லாதவர்களுக்குக் கம்பி என்று நினைக்காதீர்கள்.

இனிக் குறை. கம்பியைக் கழற்றிப் பிளாஸ்டரை வெட்டிய அன்று அம்மாவின் விரல்கள் உள்ளங்கையைத் தொடவே இல்லை. எலும்பு நன்றாகப் பொருந்தியிருந்தது, விரல்தான் இறுகிப்போயிருந்தது. பிளாஸ்டருக்கு வெளியே நிற்கிற விரல்களை முதல் நாளிலிருந்தே மடக்கி நீட்ட வேண்டும், முழங்கையையும் தோளையும் அசைக்க வேண்டும், வீக்கம் இறங்கக் கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும். இதில் ஒன்றையும் எங்களுக்குச் சொல்லவில்லை. தந்த துண்டில் கிளினிக் திகதியும் குளிசையும் மட்டும். யாரோ "கையை ஆட்டாதேங்கோ அம்மா" என்று சொல்ல, அவர் விரலைக்கூட ஆட்டாமல் கிடந்தார். ஒரு பக்கத்தில் தமிழில் அடித்துக் கொடுக்க எவ்வளவு செலவாகும்? எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த இறுக்கத்தை எடுத்தது பிசியோ அறை. சின்ன அறை, ஒரு மேசை, ஒரு துவாய், கோணம் அளக்கிற ஒரு பிளாஸ்டிக் அளவுகோல், பெரிய மெஷின் ஒன்றும் இல்லை. அங்கே வேலை செய்கிற பிள்ளை, "கோயிலில திருநீறு வாங்கிறமாதிரி கையைப் பிடியுங்கோ அம்மா" என்றார். அம்மாவின் கை பாதி திரும்பி, பெருவிரல் மேலே பார்த்தபடி நின்றுவிட்டது. முழங்கையை விலாவோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, தோளால் ஏமாற்றவிடாமல், மெல்ல மெல்லத் திருப்பிக் கோணத்தைக் கொப்பியில் எழுதினார். ஒவ்வொரு முறையும் அந்த எண் கூடுவதைப் பார்த்துத்தான் அம்மாவுக்கே நம்பிக்கை வந்தது. வீட்டில் செய்ய, இளஞ்சூட்டுத் தண்ணீருக்குள் விரலை மடக்கி விரிப்பது, ஈரத் துவாயை முறுக்குவது, ரொட்டிக்கு மா குழைப்பது என்று அடுப்படி வேலையையே பயிற்சியாகக் கொடுத்தார். இப்போது உள்ளங்கை முழுதாக மேலே பார்க்கிறது, தேங்காய் திருவுகிறார். இடியப்ப உரலை அழுத்துகிற பலம் மட்டும் இன்னும் வரவில்லை. பிடிபலம் திரும்ப ஒரு வருடம்கூட எடுக்கலாம் என்று அந்தப் பிசியோப் பிள்ளை முன்பே சொல்லியிருந்தார், அதனால் பயமில்லை.

இன்னொன்று. நின்ற உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைகிறது என்றால் எலும்பின் அடர்த்தி குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அடுத்த முறை உடைவது இடுப்பாக இருக்கலாம். அந்தப் பரிசோதனையை நாங்களாகக் கேட்டுத்தான் எழுதுவித்தோம், நீங்களும் கேளுங்கள்.

பிளாஸ்டரோடு இருக்கும்போது விரல் நீலம் பாரித்தாலோ, பெருவிரல் பக்கம் விறைத்தாலோ, கம்பி ஏறிய இடத்தில் சீழ் வந்தாலோ கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள். பிசியோ எல்லா நாளும் இல்லை. தூரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் கிளினிக்கும் பிசியோவும் ஒரே நாளில் வருகிறமாதிரித் திகதி கேளுங்கள், கேட்டால் மாற்றித் தருகிறார்கள்.